வெண்முக்காட்டு அமர்வு: துருக்கியில் குர்து அன்னையர் கூடும் முறை

துருக்கி அரசமைப்பின் 34ஆம் பிரிவுப்படி ஆயுதமற்ற கூட்டத்துக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆனால் கூட்டங்கள், ஆர்ப்பாட்டங்களுக்கான 2911ஆம் சட்டப்படி, 7 பேராவது கையெழுத்திட்ட அறிவிப்பை 48 மணி நேரம் முன்பே நிர்வாகத்திடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்தாலும் தடை வரலாம். 2018 ஆகஸ்டில் இஸ்தான்புல் கலாத்தாசராய் சதுக்கத்தில் காவலில் காணாமற்போனோருக்காக வாரந்தோறும் கூடும் சனிக்கிழமை அன்னையரின் 700ஆவது வார அமர்வையே காவல்துறை கலைத்தது. வழக்கறிஞரின் எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள். கைதானால் கைபேசி பறிபோகும்.

வெள்ளை முக்காடு அவசியம். சண்டையிடுவோர் நடுவே பெண் அதை வீசினால் ஆயுதம் தாழ வேண்டும் என்பது குர்து மரபு. கட்சிக்கொடி வேண்டாம், அது தாயின் கோரிக்கையை மறைத்துவிடும்.

காணாமற்போனவரின் படத்தை மார்பளவில் பிடியுங்கள். பெயரும் காணாமற்போன நாளும் தொலைவிலிருந்தே தெரியட்டும். ஒரே அறிக்கை, ஒரே குரல்: குர்து மொழியிலும் துருக்கிய மொழியிலும். காவல்துறை தள்ளினால் கைகோத்து உட்காருங்கள், பதிலுக்குக் கத்தாதீர்கள்.