32 பிட் கவுன்ட்டரை நீட்டும்போது எங்கே சறுக்குகிறது

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு மோட்டார் கன்ட்ரோலர் செய்து பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிப்பில் நேரத்தை எண்ணிக்கொண்டே போகும் 32 பிட் கவுன்ட்டர் 1 மெகாஹெர்ட்ஸில் (நொடிக்குப் பத்து லட்சம் எண்) ஓடினால் 71 நிமிடம் 35 நொடியில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நாலு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினால் குறைந்தது மூன்று சுற்று. அதனால் எத்தனை சுற்று என்பதை மேல் பாதியாக (மேல் 32 பிட்) வைத்துக் கெர்னல்தான், அதாவது சிஸ்டத்தின் மையப் புரோகிராம்தான், எண்ணி 64 பிட் ஆக்க வேண்டும். கீழ் பாதி கவுன்ட்டரே.

பலரும் எழுதுவது இப்படி: கவுன்ட்டர் சுற்றும்போது இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சமிக்ஞை) வரும், அதில் மேல் பாதியோடு ஒன்றைக் கூட்டு. ஆனால் மேல் பாதி 0 என்று படித்த மறுகணம் கவுன்ட்டர் சுற்றிவிட்டால், கீழ் பாதி 3 என்று வரும். நேரம் 71 நிமிடம் பின்னால் போய்விட்டது! மேல், கீழ், மறுபடி மேல் என்று படித்து, மாறியிருந்தால் திரும்பப் படிக்கலாம். ஆனால் இன்டரப்ட் அடைபட்ட இடத்தில் அதுவும் உதவாது. கவுன்ட்டர் சுற்றியிருக்கும், மேல் பாதி ஏறியிருக்காது, இரண்டு முறையும் 0 என்றே வரும். இன்டரப்ட் காத்திருக்கிறது என்று காட்டும் கொடி பிட்டையும் பார்த்தாக வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. முழுச் சுற்றை விட்டு அரைச்சுற்றை எண்ணுங்கள். அந்த எண்ணின் கடைசி பிட்டும் கவுன்ட்டரின் உச்சி பிட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஏஆர்எம் சிப்புகளுக்கு 32 பிட்டை 63 ஆக்கியது இதே உத்திதான். இங்கே வரிசை முக்கியம். சேமித்த எண்ணை முதலில் படித்து, அப்புறம் கவுன்ட்டரைப் படிக்க வேண்டும். தலைகீழாகப் படித்தால், இடையில் வேறொருவர் எண்ணை ஏற்றியிருப்பார். நீங்கள் பழைய கவுன்ட்டரை வைத்து இன்னொன்றைக் கூட்டிவிடுவீர்கள். வரிசையைக் கம்பைலரும் ப்ராசஸரும் மாற்றாமலிருக்க மெமரி பேரியர் (வரிசையைக் காக்கும் கட்டளை) போடுங்கள்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு முறையாவது யாராவது படித்தாக வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 35 நிமிடம் கிடைக்கும். 24 மெகாஹெர்ட்ஸில் 89 நொடிதான். மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கெர்னலைத் தூங்கவிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அரைச்சுற்று முடியும் முன்பே எழுப்ப ஒரு டைமர் வையுங்கள்.

எல்லாக் கவுன்ட்டரும் 32 பிட் இல்லை. பிசிகளில் மின் நிர்வாகத்துக்கான ஏசிபிஐ டைமர் பல இடங்களில் 24 பிட்தான், 4.7 நொடியில் சுற்றிவிடும். அங்கே புதிய எண்ணிலிருந்து பழையதைக் கழித்த விடையை 24 பிட்டுக்கு வெட்டாவிட்டால் கணக்கு தப்பு.

நீட்டியபின் நானோநொடியாக்கப் பெருக்குவோமே, அங்கேயும் 64 பிட் நிரம்பி வழியும். லினக்ஸின் எக்ஸ்86 (பிசி வகை ப்ராசஸர்) நேரக் கணக்கு ஒரு காலத்தில் 208 நாள் தொடர்ந்து ஓடிய சர்வர்களில் இப்படித்தான் சிக்கியது. மொத்தத்தைப் பெருக்காமல், போன முறை படித்ததிலிருந்து வந்த வித்தியாசத்தை மட்டும் பெருக்கிக் கூட்டுங்கள்.

சோதிக்க 71 நிமிடம் உட்கார வேண்டாம். லினக்ஸ் தன் டைமர் துடிப்புகளை எண்ணும் ஜிஃபீஸ் கவுன்ட்டரை, 32 பிட் சுற்றி வர ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறது. உங்கள் போர்டிலும், எழுத இடம் கொடுக்கும் கவுன்ட்டர் என்றால், சுற்ற ஒரு நொடி இருக்கும்படி எழுதிவிட்டு ஆன் செய்யுங்கள்.