இடைக்கால விலங்கு நூல்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தோல் ஏடுகளில் எழுதி, பொன்னும் வண்ணமும் இட்டுத் தீட்டிய ‘பெஸ்டியரி’ எனும் விலங்கு நூல்களை இன்று இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். பார்ப்பவர்களில் பலர் அவற்றைப் பிழை மலிந்த விலங்கியல் நூல்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். ஏனைய தவறுகள் பலவற்றுக்கும் இதுவே வேர்.

யானையைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். யானைக்கு முழங்கால் மூட்டு கிடையாது, ஆகவே மரத்தில் சாய்ந்தே உறங்கும், வேடன் அம்மரத்தைப் பாதி அறுத்து வைத்தால் மரத்தோடு விழுந்து எழ முடியாமல் கிடக்கும் என்கிறது நூல். பாகன் சொன்னதும் மண்டியிடும் யானையைக் கண்டு வளர்ந்த நமக்கு இது வெறும் அறியாமையாகவே படும். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பெரிய யானை ஒன்று வந்து தூக்க முயன்று தோற்கிறது. பன்னிரண்டு யானைகள் வந்தும் பயனில்லை. கடைசியில் சிறிய யானை ஒன்று தும்பிக்கையை அடியில் கொடுத்துத் தூக்கிவிடுகிறது. மரத்தோடு வீழ்ந்த யானை, விலக்கப்பட்ட மரத்தின் கனியைத் தின்று வீழ்ந்த முதல் மனிதன் ஆதாம், பெரிய யானை யூதர்களின் திருச்சட்டம், பன்னிரண்டும் இறைவாக்கினர், சிறிய யானை கிறிஸ்து என்று நூலே பொருளும் சொல்கிறது. அந்த யானைக்கு மூட்டு இருந்தால் வீழ்ச்சி இல்லை, வீழ்ச்சி இல்லையேல் மீட்பும் இல்லை. எனவே உடற்கூற்றை மட்டும் பிரித்தெடுத்துக் குறை சொல்பவர், அப்பகுதி எதற்காக எழுதப்பட்டதோ அதைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்.

அக்காலத்தவருக்குக் கண்ணால் கண்டு ஆராயத் தெரியாது என்று முடிவு கட்டுவதும் தவறு. பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி அன்பளிப்பாக அனுப்பி, 1255இல் லண்டன் கோபுரம் எனும் அரசக் கோட்டைக்கு வந்து சேர்ந்த யானையை, செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் முழங்கால் மூட்டுகளோடு வரைந்திருக்கிறார். ஒருவகைக் காட்டு வாத்து கப்பல் மரத்தில் ஒட்டும் சிப்பிகளிலிருந்து பிறக்கிறது என்ற நம்பிக்கையைப் புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் அத்தகைய மரத்தையே வரவழைத்துச் சோதித்து மறுத்தார்.

மெய் விலங்கு, கற்பனை விலங்கு என்று நாமே இரு கூறாக்கிக்கொண்டு படிப்பதும் நூலின் அமைப்பை மறைத்துவிடும். யூனிகார்ன் நாற்கால் விலங்குகளோடும், பீனிக்ஸ் மற்றப் பறவைகளோடும், டிராகன் பாம்புகளோடும் இயல்பாக வருகின்றன. செவில் நகர ஆயர் இசிதோர் 7ஆம் நூற்றாண்டில் தொகுத்த கலைக்களஞ்சியத்துக்கு இந்த வகைப்பாட்டில் பெரும் பங்கு உண்டு. பெஸ்டியரிகளின் மூலநூலான ‘பிசியோலோகஸ்’ அதைவிடப் பழைய, மிகச் சிறிய கிரேக்க நூல். பிசியோலோகஸையும் பெஸ்டியரியையும் ஒன்றெனக் குழப்பக் கூடாது.

படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பகிர்வது இன்று மிகுதியாக நடக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுவே. தன் மார்பைத் தானே குத்திக்கொள்ளும் கூழைக்கடா, சினத்தில் கொன்ற குஞ்சுகளை மூன்றாம் நாளில் தன் குருதியால் உயிர்ப்பிக்கிறது என்று பக்கத்து வரிகள் சொல்லாவிட்டால், அந்தப் படம் வெறும் விநோதமாகவே எஞ்சும். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் உள்ள, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டைச் சேர்ந்த பெஸ்டியரியை, அந்தப் பல்கலைக்கழகம் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் தந்திருப்பதால், படத்தையும் உரையையும் சேர்த்தே படிக்க வழி உண்டு.

அதே ஏட்டின் சில படங்களின் கோடுகளை ஒட்டி நுண்ணிய ஊசித் துளைகள் காணப்படுகின்றன. அவை படத்தை வேறொரு தாளுக்குப் படியெடுக்க இட்டவை. ஒரு நூலின் சிங்கம் இன்னொன்றின் சிங்கத்தைப் போலவே இருந்தால், ஓவியர் கற்பனை வறண்டவர் என்று எண்ண வேண்டாம். நம்பத்தக்க மாதிரியைப் பிசகாமல் கைமாற்றுவதும் அவர் தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது.