ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறதா? ஆயில் கூலரை நாமே மாற்றும் முறை

கூலன்ட் டேங்கின் மூடியைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஏதோ படிந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் பார்த்த மாத்திரத்தில், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், ஹெட்டை இறக்கணும்" என்பார்கள். எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்தான் ஹெட் கேஸ்கெட். இறக்க வேண்டியிருக்கலாம். ஆனால் டீசல் காரில் அதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆயில் கூலர். வேலையிலும் செலவிலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

உதாரணத்துக்கு 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். ஃபியட் வடிவமைத்த 1248 சிசி எஞ்சின் இது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் வண்டிகளில் டிடிஐஎஸ் என்ற பெயரிலும், டாடா விஸ்டா, மான்சாவில் குவாட்ராஜெட் என்ற பெயரிலும், புன்ட்டோ, லீனியாவிலும் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆக, இன்று ஓடும் மாருதி டிடிஐஎஸ் எல்லாமே வயதான வண்டிகள்தான். ரப்பர் சீல்கள் காய்ந்து இறுகும் பருவம். வேறு டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை ஏறக்குறைய இதேதான். போல்ட் இருக்கும் இடமும் எண்ணிக்கையும் மாறும்.

அது என்ன வேலை செய்கிறது?

மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கி ஒட்டிய சிறு பெட்டி அது. ஒரு அடுக்கில் எஞ்சின் ஆயில், அடுத்ததில் கூலன்ட் என்று மாறி மாறி ஓடும். ஆயிலின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விட்டுவிடும். மல்டிஜெட்டில் இது ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கோடு ஒட்டியபடி இருக்கும்.

கெடுவது இரண்டு விதம். ஒன்று, ஹவுசிங்குக்கும் கூலருக்கும் இடையிலுள்ள சீல் காய்ந்து ஆயில் வெளியே கசிவது. எஞ்சின் பக்கவாட்டில் ஈரமாக, தூசி படிந்து கறுப்பாகத் தெரியும். இதற்குப் பெரும்பாலும் சீல் செட் போதும், கூலரை மாற்ற வேண்டியதில்லை. இரண்டாவது, உள்ளே தகடு அரித்து ஓட்டை விழுவது. அப்போதுதான் ஆயிலும் கூலன்ட்டும் கலக்கும்.

தகடு அரிப்பதற்கு முக்கியமான காரணம் நாம் ஊற்றும் தண்ணீர். கூலன்ட் குறைந்ததும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் நம் ஊரில் விடாது. அதிலுள்ள உப்பு கூலரின் குறுகலான வழிகளில் படிந்து அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது, தண்ணீரில் இல்லை.

ஹெட் கேஸ்கெட்டா, ஆயில் கூலரா?

கழற்றுவதற்கு முன் இங்கே நேரம் செலவழியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சுமார் 3 முதல் 4 பார், கூலன்ட் அழுத்தம் 1 பாரை ஒட்டித்தான். அதனால் கூலர் ஓட்டையானால் ஓடும்போது ஆயில்தான் கூலன்ட் பக்கம் தள்ளப்படும். டேங்கில் ஆயில் மிதக்கும், ஆயில் கேஜில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) உள்ள ஆயிலோ ஆரம்பத்தில் சுத்தமாகவே இருக்கும். இது கூலரை நோக்கிக் கை காட்டும் அடையாளம். எஞ்சினை நிறுத்தியதும் கதை மாறும். ஆயில் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூடான கூலன்ட்டில் அழுத்தம் இன்னும் இருக்கும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூலன்ட்டும் ஆயிலுக்குள் போகத் தொடங்கும்.

ஹெட் கேஸ்கெட் என்றால் வேறு அறிகுறிகளும் சேர்ந்து வரும். காலையில் ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே, எஞ்சின் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாக இறுகும். டேங்கில் விடாமல் குமிழி வரும். வெள்ளைப் புகை வரும். சந்தேகம் என்றால், டேங்க் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் நிறம் மாறும். ஆனால் கேஸ்கெட்டில் ஆயில் வழிக்கும் நீர் வழிக்கும் நடுவில் மட்டும் கிழிந்திருந்தால் இந்தச் சோதனைக்குச் சிக்காது. அதனால் முடிவான தீர்ப்பைக் கூலரைக் கழற்றிச் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்மை படிந்திருந்தால் பதற வேண்டாம். குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் ஈரம் அப்படிப் படியும்.

வாங்கி வைக்க வேண்டியவை

சேஸிஸ் நம்பரைச் சொல்லி ஸ்பேர்ஸ் கடையில் கூலர் கேளுங்கள். ஹவுசிங்கோடு சேர்ந்த முழு செட்டாகவும் வரும், கூலர் மட்டும் தனியாகவும் வரும். எப்படி வாங்கினாலும் சீல்கள் புதிதாக இருக்க வேண்டும். கூடவே ஆயில் ஃபில்டர், ட்ரெயின் பிளக் வாஷர், கையேட்டில் சொன்ன கிரேடில் எஞ்சின் ஆயில் (வடிகட்டி மாற்றும்போது 3 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும்), ரேடியேட்டர் ஃப்ளஷ் திரவம், புதுக் கூலன்ட். கருவிகளில் சாக்கெட் செட், ஹோஸ் கிளாம்புக்கு பிளையர், போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடன் வாங்குங்கள், அது இல்லாமல் இந்த வேலை வேண்டாம். பனியன் வேஸ்ட் நிறைய வேண்டும், அகலமான ட்ரே இரண்டு வேண்டும்.

கழற்றுவது

1. வண்டி முழுதாக ஆறட்டும். ராத்திரி நிறுத்திக் காலையில் தொடங்குவது உத்தமம். சூட்டில் டேங்க் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

2. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

3. கூலன்ட்டை ஒரு ட்ரேயிலும் ஆயிலை இன்னொன்றிலும் வடியுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும். ட்ரேயைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

4. வழியை மறைக்கும் காற்றுக் குழாய், கவர் எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் மொபைலில் படம் பிடியுங்கள். டர்போவுக்குப் போகும் குழாயின் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். அதில் ஒரு நட் விழுந்தால் ஆயில் கூலர் கவலையே மறந்துபோகும்.

5. ஃபில்டர் மூடியைத் திறந்து பழைய ஃபில்டரை எடுங்கள். கூலருக்கு வரும் கூலன்ட் ஹோஸின் கிளாம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸைத் திருகி அசைத்து இழுங்கள். பழைய ஹோஸ் வரவில்லையென்றால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதே நல்லது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் குழாய் முனைதான் வளையும்.

6. ஹவுசிங்கின் போல்ட்களைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். போல்ட் நீளங்கள் வேறுபடலாம். அட்டையில் ஹவுசிங்கின் படத்தை வரைந்து, எந்தப் போல்ட் எந்தத் துளை என்று குத்தி வைத்தால் குழப்பம் வராது. வெளியே வரும்போது மீதி ஆயிலும் கூலன்ட்டும் கொட்டும், ட்ரே அடியில் இருக்கட்டும்.

இப்போது தீர்ப்பு. கூலரின் ஆயில் வழியில் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் 2 பார் அளவுக்குக் காற்று கொடுத்துத் தண்ணீரில் முக்குங்கள். டயர் கடையில் கேட்டால் இதைச் செய்து தருவார்கள். கூலன்ட் வழியிலிருந்து குமிழி வந்தால் குற்றவாளி இதுதான். குமிழியே வரவில்லை, சீலும் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்ததாக ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ஓட்டையான கூலரைப் பற்ற வைத்துத் தருகிறேன் என்பார்கள். உள் தகடுகளுக்குப் பற்றவைப்பு எட்டாது. "கூலரே வேண்டாம், பைபாஸ் போட்டுடலாம்" என்றும் சிலர் சொல்வார்கள். டர்போ வைத்த டீசலுக்கு, அதுவும் சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வண்டிக்கு, அது ஆகாத யோசனை. சூட்டில் ஆயில் நீர்த்துப்போனால் முதலில் அடி வாங்குவது டர்போவின் பேரிங்.

புதிதைப் பொருத்துவது

எஞ்சின் பிளாக்கில் சீல் உட்காரும் முகத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் ஆயில் வழியில் போகும். சீலுக்குப் புது ஆயிலை லேசாகத் தடவிப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். மேலே அனபாண்ட் என்ற சீலன்ட் பசையைப் பூச வேண்டும் என்று கை பரபரக்கும். ரப்பர் சீல் இருக்கும் இடத்தில் அது தேவையே இல்லை. பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு ஆயில் வலையை அடைக்கும்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். பிறகு குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். அலுமினியத்தில் மரை போவது நொடி வேலை. பொதுவாக 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 வரை. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சட்டம். இந்த மி.மீ. கணக்கு மரையின் தடிமன், ஸ்பேனர் அளவு அல்ல. 10 ஸ்பேனர் பிடிக்கும் போல்ட்டின் மரை பெரும்பாலும் 6 மி.மீ.தான்.

புது ஃபில்டர், மூடியின் புது ஓ ரிங், ட்ரெயின் பிளக்கின் புது வாஷர் எல்லாம் போட்டு, கழற்றிய ஹோஸ், குழாய்களைத் துணி அடைப்பை எடுத்துவிட்டு மாட்டி, ஆயிலும் கூலன்ட் பக்கத்தில் ஆர்ஓ தண்ணீரும் நிரப்புங்கள். பழைய ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வடிந்திருந்தால், முதலில் விலை குறைந்த ஆயிலை ஊற்றிச் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ஃபில்டரோடு சேர்த்து வடித்துவிட்டு, அப்புறம் நல்ல ஆயில் ஊற்றுங்கள். மிச்சக் கூலன்ட் பேரிங்கைத் தின்றுவிடும்.

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அணையும்வரை ஆக்சிலரேட்டரில் கால் வைக்கக் கூடாது.

கழுவுவதுதான் பெரிய வேலை

கூலரை மாற்றுவது அரை நாள் வேலை என்றால், உள்ளே ஒட்டிய ஆயிலைக் கழுவுவது அதைவிட அலுப்பானது. இதில் அவசரப்படுபவர்கள்தான், "புதுசு போட்டும் ஆயில் வருதே" என்று திரும்ப வருவார்கள். வருவது பழைய ஆயில்.

டேங்கைத் தனியே கழற்றிப் பாத்திரம் கழுவும் திரவத்தால் தேய்த்து அலசுங்கள். எஞ்சினுக்குள் அதை ஊற்ற வேண்டாம், நுரை அடங்காது. உள்ளே ஆர்ஓ தண்ணீரும் ஃப்ளஷ் திரவமும் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை, அதனால் அதன் உள்ளே படிந்த ஆயில் நகராமலே கிடக்கும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸும் சூடாகும்போதுதான் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகும் சற்று ஓடவிட்டு, ஆறவைத்து வடியுங்கள். வடியும் நீரில் ஆயில் படலம் தெரியாத வரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் இதையே திரும்பச் செய்யுங்கள்.

கடைசியில் கையேடு சொல்லும் வகைக் கூலன்ட்டை நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். நிரப்பிய பிறகு மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, ஹோஸ்களை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் ஏர் லாக் இன்னும் இருக்கிறது.

அடுத்த சில நாட்கள், காலையில் வண்டி எடுக்கும் முன் ஆயில் கேஜையும் கூலன்ட் மட்டத்தையும் பாருங்கள். கூலன்ட் ஹோஸ்களையும் விரலால் அமுக்கிப் பாருங்கள். அவற்றின் ரப்பர் ஆயிலைத் தாங்காது, ஊறி உப்பிவிடும். மெத்தென்று பஞ்சு போல் அமுங்கும் ஹோஸை மாற்றிவிடுங்கள், அது நெடுஞ்சாலையில் வெடிக்கக் காத்திருக்கிறது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். கூலன்ட்டைத் தனிக் கேனில் வையுங்கள், ஆயிலோடு கலந்தால் இரண்டையுமே வாங்க மாட்டார்கள்.