பழைய சி.என்.சி. மில்லிங்கைப் புதுப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சில மாதங்களில் எனக்குத் தெரிந்த மூன்று இளைஞர்கள் பழைய சி.என்.சி. மில்லிங் இயந்திரங்களை (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்குபவை) ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூவரும் பல ஆண்டுகளுக்கு முன் நான் தொடங்கிய அதே தவறான இடத்தில் தொடங்கியதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். மின்சாரத்தைத் துண்டிக்காமல் கை வைப்பது, அடையாளம் எழுதாமல் கம்பிகளைக் கழற்றுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேக்லாஷை மென்பொருளில் மறைப்பது

பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகியிருக்கும் என்பதால் முதல் பணம் டேபிளை நகர்த்தும் சர்வோ மோட்டாருக்கும் அதை இயக்கும் டிரைவுக்கும் போய்விடுகிறது. நானும் அப்படித்தான் செய்தேன். எக்ஸ் அச்சில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது, திசை மாறும்போதெல்லாம் 0.18 மி.மீ. ஆட்டம், அதாவது பேக்லாஷ், தெரிந்தது. இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளின் அமைப்புக் கோப்பில் பேக்லாஷுக்கு உரிய இடத்தில் அந்த எண்ணை எழுதினேன். முள் சரியாக நின்றது. வேலை முடிந்தது என்று நம்பினேன்.

அந்த ஈடு, கட்டர் உலோகத்தைத் தொடாதவரைதான் செல்லும். கிளைம்ப் மில்லிங்கில் கட்டரின் பற்கள் டேபிளை அது போகும் திசையிலேயே இழுப்பதால், டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே எவ்வளவு ஆட்டம் உண்டோ அவ்வளவு தூரம் டேபிள் முன்னால் பாய்ந்துவிடும். பல்லுக்கு 0.05 மி.மீ. வெட்ட வேண்டிய இடத்தில் ஒரே பல் நான்கு மடங்குக்கு மேல் கடிக்கும். நகர்வை அளக்கும் என்கோடர் மோட்டாரில் இருப்பதால் கட்டுப்பாட்டுக்கு இந்தப் பாய்ச்சல் தெரியவே தெரியாது. என்னுடைய 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில் இப்படித்தான் இரண்டாக உடைந்தது.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஸ்க்ரூ முனையின் சென்டர் குழியில் கிரீஸ் தடவி ஒரு எஃகுக் குண்டை ஒட்டி, அதன்மேல் டயல் கேஜின் முனையை வைத்து, ஸ்க்ரூ சுழலாதபடி பிடித்துக்கொண்டு டேபிளை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். முள் அசைந்தால் ஆட்டம் ஸ்க்ரூவைத் தாங்கும் பேரிங்கில் இருக்கிறது. முள் அசையாமல் டேபிள் மட்டும் அசைந்தால் நட்டில் இருக்கிறது. இப்படிப் பார்த்தபோது 0.11 மி.மீ. ஆட்டம் பேரிங்கின் லாக் நட் தளர்ந்ததால் வந்தது என்று தெரிந்தது. ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதுமாயிருந்த வேலை அது. மீதி 0.07 ஸ்க்ரூவின் தேய்மானம். அதுவும் டேபிள் அதிகம் ஓடிய நடுப்பகுதியில் மட்டும், ஓரங்களில் 0.02 கூட இல்லை. முழு நீளத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் நடுவில் சரியாகி ஓரங்களில் பிழையாகும். ஸ்க்ரூவை மாற்றியே தீர வேண்டியிருந்தது. புதியதன் முனை விட்டம் வேறு என்பதால் அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கையும் மோட்டார் பிராக்கெட்டையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. லேத் பட்டறைக்கு இரண்டு முறை கூலி கொடுத்த எரிச்சல் இன்றும் தணியவில்லை. அந்த மூவரில் ஒருவர் போன வாரம் அசையாத டயல் முள்ளைப் படமெடுத்து மகிழ்ச்சியோடு அனுப்பியபோது, மோட்டாரைக் கழற்றிவிட்டு முதலில் லாக் நட்டைப் பாருங்கள் என்றுதான் பதில் எழுதினேன்.

பால் நட்டை அப்படியே கழற்றுவது

நட்டுக்குள் ஓடும் சிறு எஃகுக் குண்டுகள் கொட்டிவிடும். ஸ்க்ரூவின் பள்ள விட்டத்துக்குச் சற்றே சிறிய குழாயை முனையோடு சேர்த்துப் பிடித்து, நட்டை அதன்மேல் சுழற்றி இறக்குங்கள்.

ஸ்லைடில் எமரி தாள்

டேபிள் சறுக்கும் பரப்பை அதால் தேய்ப்பது வேண்டவே வேண்டாம்.

எமர்ஜென்சி சுவிட்சைக் கணினிக்கு மட்டும் இணைப்பது

கணினி உறைந்துபோனால் அந்தச் சுவிட்ச் எதையும் நிறுத்தாது. மோட்டார்களுக்கு மின்சாரம் விடும் பெரிய ரிலேயான காண்டாக்டரின் மின்சாரத்தைச் சுவிட்சே நேரடியாகத் துண்டிக்க வேண்டும்.

சர்வோவுக்கு எஸ்.எம்.பி.எஸ். சப்ளை

கனமான டேபிள் வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அதை ஏற்க முடியாமல் எஸ்.எம்.பி.எஸ். (கணினிகளில் இருப்பது போன்ற ஸ்விட்சிங் வகை) சப்ளை அடிக்கடி நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டர்களும் கொண்ட சப்ளை இதைத் தாங்கும். நிறுத்திய பிறகும் தேங்கி நிற்கும் மின்சாரம் வடிய, அந்தக் கெப்பாசிட்டர்களுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாக இணைத்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மீட்டரால் அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள்.