ஜப்பானிய 'அ, இ, உ' படப் புத்தகம்: பக்கத்துக்கு ஒரு கைவேலை

குழந்தைக்கு ஜப்பானை அறிமுகப்படுத்த ஆசையா? ஹிரகானா என்னும் ஜப்பானிய அடிப்படை எழுத்துகளுக்கான படப் புத்தகம் ஒன்றை வாங்குங்கள். மொத்தம் 46 எழுத்துகள். பயப்பட வேண்டாம், எழுதப் பழக்குவது நம் நோக்கமில்லை.

நமக்கு இதில் ஒரு வசதி. அவர்கள் வரிசையும் அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்கும். பிறகு க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத்தோடு அங்கே போன இந்திய எழுத்து முறையின் தடம் இது. தமிழ் எழுத்து தெரிந்த பிள்ளை பாட்டாகவே பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் படத்தைக் காட்டியதோடு விடாமல் கையால் ஏதாவது செய்யவையுங்கள். 'ஒ'வுக்கு ஒனிகிரி வந்தால் சோற்றை முக்கோணமாகப் பிடிக்கலாம் (குழைய வடித்தால்தான் ஒட்டும்). 'கொ'வுக்குக் கொய்நொபொரி, அதாவது மே 5 குழந்தைகள் தினத்தையொட்டிப் பறக்கவிடும் கெண்டை மீன் கொடி. காகிதத்தில் செய்து ஜன்னலில் கட்டுங்கள். 'த'வுக்குத் தனபாதா திருவிழா: ஜூலை 7 அன்று வண்ணக் காகிதத்தில் விருப்பத்தை எழுதி மூங்கில் கிளையில் தொங்கவிடுவார்கள். மூங்கில் கிடைக்காவிட்டால் என்ன, வேப்பங்கிளை போதும்.

அப்புறம் கடைசி எழுத்து, 'ன்'. நம் 'ன' போலவே அதுவும் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் ஷிரிதொரி விளையாட்டில் 'ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னவர் அவுட். ஒருவர் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும், நம் அந்தாக்ஷரி மாதிரி. பஸ் பயணத்தில் தமிழிலேயே ஆடிப் பாருங்கள்.