குஞ்சு சேவலா, பெட்டையா? முதுகு இறகைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரை வீட்டில் 10 வரை வளர்க்கலாம். ஆனால் விடியுமுன் சேவல் கூவத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அது குரலெடுப்பதற்குள் நல்ல இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றால், எது சேவல் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதை நம்பாதீர்கள். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதும் வீண். எச்சத்துவாரத்தை விரித்துப் பார்ப்பது ஜப்பானியர் 1920களில் கண்ட முறை. பயிற்சி இல்லாத கை அழுத்தினால் குஞ்சின் உயிருக்கே ஆபத்து. சிறகு நீளத்தை வைத்துச் சொல்வது அதற்கென்றே கலந்த இனங்களில் மட்டும், பொரித்த ஓரிரு நாளுக்குள் மட்டும்தான் பலிக்கும்.

முதலில் ஒவ்வொரு குஞ்சின் காலிலும் ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் சுருள் வளையம் மாட்டுங்கள். நூல் வேண்டவே வேண்டாம், கால் பருக்கும்போது இறுகி அறுத்துவிடும். வளையத்தையும் வாராவாரம் தளர்த்திப் பாருங்கள்.

வாரம் ஒரு படம் எடுங்கள். காலை வெளிச்சம்தான் சரி. டியூப்லைட்டில் கொண்டையின் சிவப்பு சரியாகத் தெரியாது.

ஐந்தாறு வாரத்தில் கொண்டையைப் பாருங்கள். பல் பல்லாக நிற்கும் ஒற்றைக் கொண்டை என்றால், சேவலுக்குத் தடித்துச் சிவக்கத் தொடங்கும். பெட்டைக்கு வெளிறிய மஞ்சளாகவே இருக்கும். கம்போங் கோழிகளில் (நாட்டுக்கோழிகளில்) சிலவற்றுக்குக் கொண்டை மூன்று வரிசையாகத் தாழப் படிந்திருக்கும். அதில் நடுவரிசை அகன்று சிவந்தால் சேவல் என்று சந்தேகிக்கலாம். ஒற்றைக் கொண்டைக் குஞ்சை இதோடு ஒப்பிடக் கூடாது. ஒரே அடையில் பொரித்த, ஒரே வகைக் கொண்டை உள்ள குஞ்சுகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

தீர்ப்பு சொல்வது முதுகு இறகு. பலர் தடுமாறுவதும் இங்கேதான். எட்டு வாரத்தில் பார்த்தால் எல்லாமே பெட்டையாகத்தான் தோன்றும், ஏனென்றால் இளம் இறகு இரண்டுக்குமே முனை உருண்டது. அதனால் 10 முதல் 12 வாரத்தில், கூட்டில் அடைந்து சோர்ந்திருக்கும் நேரத்தில், மடியில் வைத்து வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பழைய இறகை விலக்குங்கள். அடியில் புதிதாக வருவது குறுகி, மினுமினுத்து, முனை கூராக இருந்தால் சேவல். புதியதும் உருண்டே இருந்தால் பெட்டை. கழுத்து இறகை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பெட்டைக்கும் அது ஓரளவு ஒடுங்கியிருக்கும்.

பின்சேர்க்கை: பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி இனத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, ஐந்தாறு மாதம்கூட ஆகலாம். கால் முள்ளைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். முள்ளின் மொட்டு சேவல், பெட்டை இரண்டுக்கும் இருக்கும், அதை விடுங்கள். பாசிர் ரிஸ், உபின் தீவுப் பக்கம் தாயோடு திரியும் காட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பிடித்து வராதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம்.