விட்ஸுக்குப் பிளாட்ஸ் சொக் போட்ட கதை

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கத்துக் குழிகளில ஏறி இறங்கியே என்ர 2001 டொயோட்டா விட்ஸ் காரின் பின் சொக் (குலுக்கலை அடக்கிற எண்ணெய்க் குழாய்) இரண்டும் எண்ணெய் கக்கிவிட்டன. பின்பக்கத்தை ஒருதரம் அமத்தி விட்டால் மூன்று நாலு தரம் ஆடித்தான் நிற்கும். டவுனில் விட்ஸ் சாமான் கிடைக்கவில்லை. காத்தான்குடிக் கடையொன்றில், "அண்ணன், பிளாட்ஸ்ட கிடக்கு, ரெண்டும் ஒண்டுதான்" என்று ஸ்பிரிங்கோடு சோடியாகத் தந்தார் ஒரு தம்பி.

பாதி உண்மை. 1999இல் வந்த முதல் விட்ஸும் பிளாட்ஸும் டொயோட்டா ஒரே தளத்தில் செய்த கார்கள். இரண்டுக்கும் பின்னுக்கு டோர்ஷன் பீம்தான், அதாவது இரண்டு பின் சில்லையும் இணைக்கிற முறுகும் குறுக்குச் சட்டம். (நாலு சில்லும் இழுக்கிற மொடல் என்றால் கதை வேறு.) வாங்குமுன் பழைய சொக்கைப் பக்கத்தில் வைத்து, முழுக்க நீட்டிய நீளம், அமத்திய நீளம், மேல் மரை, கீழ்ப் புஷ்ஷின் (போல்ட் போகிற றப்பர் வளையம்) ஓட்டை எல்லாம் அளந்தேன். சரியாக இருந்தது.

பிழைத்தது ஸ்பிரிங்கில். பிளாட்ஸ் டிக்கி வைத்த கார், அதன் ஸ்பிரிங் அந்தப் பின்பாரத்துக்கு ஏற்றது. அதைப் போட்டதும் என்ர கார் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கழற்றிப் பழைய ஸ்பிரிங்கையே திருப்பிப் போட்டேன். அரைநாள் வீண்.

இன்னொன்று. முதல்தரம் கார் ஜக்கில் தொங்கும்போதே கீழ் போல்ட்டை இறுக்கிவிட்டேன். பிறகு இறக்கினால் புஷ் முறுகி நிற்கும், கெதியாகக் கிழியும். இரண்டாந்தரம் சில்லு நிலத்தில் பாரம் தாங்கின பிறகுதான் இறுக்கினேன். இப்ப அமத்தினால் ஒருதரம் எழும்பி நின்றுவிடும். பிளாட்ஸ் ஸ்பிரிங் வீட்டு விறாந்தையில் கிடக்கு.